கசங்காத பாதி

எங்கள் கம்பெனிக்கு ஒரு கோச் வரப்போகிறார் என்று முதலாளி சொன்னபோது, "கிரிக்கெட்டுக்கா, கால்பந்துக்கா?" என்று கேட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் சிரித்து வைத்தார்.

"கற்பனைக்கு," என்றார். "கிரியேட்டிவிட்டி கோச்னு பேர். வாரம் ஒரு மணி நேரம் உங்களோட உக்காந்து பேசுவாங்க."

"என் கற்பனைக்கு என்ன குறைச்சல்?"

"போன சீசன் பூவும் அதுக்கு முந்தின சீசன் பூவும் ஒரே பூ. கலரை மட்டும் மாத்தியிருக்கீங்க. கடைக்காரங்க கண்டுபிடிச்சுட்டாங்க."

அவர் சொன்னது உண்மை. படுக்கை விரிப்புகளுக்கு டிசைன் வரைவதுதான் என் வேலை. கீழே அச்சடிக்கும் பட்டறை. மேலே மாடியில் சாய வாடை ஏறிய ஒரு அறை, ஒரு நீள மேசை, நான். ஊரில் பாதிப்பேர் என் பூக்களின் மேல் படுத்துத்தான் குறட்டை விடுகிறார்கள். ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. தூங்குகிறவனுக்கு எதற்கு வரைந்தவன் பெயர்?

என் வருத்தம் வேறு. என் மனைவி கடல் கடந்து போய் மூன்று வருடமாகிறது.

அவள் நர்ஸ். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிற வேலை. இங்கே அவள் இருந்த ஆஸ்பத்திரியில் அப்படி ஒரே ஒரு பெட்டி, அதுவும் அடிக்கடி மக்கர் பண்ணும். அங்கே ஒரு மாடி முழுக்கப் பெட்டிகளாம். எங்கள் பெண் படிப்பை முடித்து வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்த வருடம், இவளுக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது. சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "போகட்டுமா?" என்று கேட்டாள். அவள் கண்ணில் அப்படி ஒரு ஆசை. அதைப் பார்த்த பிறகு எந்த வாயால் போகாதே என்று சொல்வது? "உன் இஷ்டம்," என்றேன். போய்விட்டாள்.

அவள் இருந்தவரை எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. புது டிசைனை முதன்முதலில் அச்சடித்துப் பார்க்கும் மாதிரித் துணி, முதலாளி கண்ணில் படுவதற்கு முன்னால் என் பையில் வீட்டுக்கு வந்துவிடும். கட்டிலில் விரிப்பேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, ஜன்னல் பக்கம் தொப்பென்று விழுந்து, கண்ணை மூடிக்கொள்வாள். நான் பரீட்சை எழுதிய பையன் மாதிரி கால்மாட்டில் நிற்பேன். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலேயே தீர்ப்புச் சொல்வாள்.

"தூக்கம் வருது" என்றால் பாஸ். "தூக்கம் வராது" என்றால் ஃபெயில். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஒருமுறை கிளி போட்ட விரிப்பு. முதலாளி பார்த்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். இவளோ, "காதுகிட்ட கத்துதுங்க. தூக்கம் வராது," என்று எழுந்து போய்விட்டாள். கிளிகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இன்னொரு முறை, சும்மா அலை அலையாக ஒரு டிசைன். தீர்ப்புக்குக் காத்திருக்கிறேன், காத்திருக்கிறேன், சத்தமே இல்லை. குனிந்து பார்த்தால் நிஜமாகவே தூங்கிவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. அந்த டிசைன்தான் எங்கள் கம்பெனியில் இன்றுவரை ஓடுகிறது.

அவள் போன பிறகு, துணியை விரித்துப் போட்டோ எடுத்து அனுப்பினேன். டியூட்டிக்கு நடுவே பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று பதில் போடுவாள். கூடவே ஒரு கட்டைவிரல். எது அனுப்பினாலும் நல்லா இருக்கு. எனக்குச் சந்தேகம் வந்து, டீக்கறை படிந்த பழைய மேசைத் துணியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். நல்லா இருக்கு, கட்டைவிரல். அன்றோடு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். அதன் பிறகு ஏனோ கையில் அந்த ஒரே பூதான் வந்தது.

இந்த வருடக் கடைசியில் அவளுடைய கான்ட்ராக்ட் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போதெல்லாம், "இன்னும் ரெண்டு வருஷம் போடச் சொல்றாங்க. என்ன செய்யட்டும்?" என்பாள். "உன் இஷ்டம்," என்பேன். பிறகு இரண்டு பேரும் மழை, வெயில், காய்கறி விலை என்று பேசிவிட்டு வைத்துவிடுவோம். மாடி வீட்டில் இருக்கும் என் அக்காவுக்குப் பாம்புக் காது. "ஒரு வார்த்தை வான்னு கூப்பிட்டா என்னடா? உன் வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்று திட்டுவாள். அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். ஆசைப்பட்டுப் போனவளை, அத்தனை குழந்தைகளுக்கு நடுவிலிருந்து எனக்காக வா என்று எப்படிக் கூப்பிடுவது? அவள் வர வேண்டும். நான் கூப்பிடாமலே, தானாக வர வேண்டும். அதுதான் என் ஆசை. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

இந்த லட்சணத்தில்தான் கோச் வந்தார்.

ஒரு பெண். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு பெப்பர்மிண்ட் டப்பா. பட்டறையில் இருக்கிற ஆட்கள் ஒரே நாளில் பெயர் வைத்துவிட்டார்கள்: உசுப்பேத்தி. சும்மா கிடக்கிறவனை உசுப்பி விடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் என்று அர்த்தம்.

"இப்ப என்ன வரையறீங்க சார்?" என்று கேட்டார்.

"பூ."

"பூ பிடிக்குமா?"

"பிடிக்காது." வாய் தவறி வந்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேலாகப் பூ வரைகிறவன் சொல்கிற பேச்சா இது? அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. ஒரு பெப்பர்மிண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"காலைல எழுந்ததும் ஒரு பத்து நிமிஷம் ஏதாவது வரைங்க. கம்பெனிக்கு இல்ல. அழிக்கக் கூடாது. நல்லா வரணும்னு கட்டாயம் இல்ல. புதன்கிழமை கொண்டு வாங்க, பாக்கலாம்."

"இதைச் சொல்றதுக்கா உங்களுக்குச் சம்பளம்?"

"ஆமா சார்," என்றார். முகத்தில் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலையில் வேண்டா வெறுப்பாகத்தான் பென்சிலை எடுத்தேன். என்ன வரைவது? கட்டிலின் கால்மாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எதிரே இருந்தது நான் எழுந்து வந்த படுக்கை. சரி, இதுவே போதும் இந்த அம்மாவுக்கு என்று அதையே வரைந்தேன்.

துணி மடிப்பு என்பது பூ மாதிரி இல்லை. பூவைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவேன். மடிப்பைப் பார்த்துத்தான் வரைய முடியும். ஒரு மடிப்பு எங்கே தொடங்குகிறது என்று தேடினால், அது இன்னொன்றுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. பத்து நிமிடம் போனதே தெரியவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டேன். பஸ்ஸைத் தவறவிட்டதற்காக எனக்குக் கோபம் வரவில்லை என்பதை அடுத்த பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கவனித்தேன்.

மறுநாளும் படுக்கைதான். அதற்கு மறுநாளும் அதேதான். ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி இருந்தது. புழுக்கமான ராத்திரி என்றால் மடிப்புகள் கன்னாபின்னாவென்று ஓடும். தூக்கம் வராத ராத்திரி என்றால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுருண்டிருக்கும். நான் எப்படித் தூங்கினேன் என்பதைக் காலையில் துணியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இப்படி ஒரு வேலையை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

புதன்கிழமைகளில் கோச் ஒவ்வொரு தாளாக எடுத்து நிதானமாகப் பார்ப்பார். "இந்தக் கோடு ஏன் இங்க நின்னுடுச்சு?" "இங்க பென்சிலை ஏன் இவ்வளவு அழுத்தினீங்க?" கேள்விதான், வேறு எதுவும் இல்லை. நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை வராது. மூன்றாவது வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நல்லா இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன மேடம் குறைஞ்சு போயிடும்?"

"நான் நல்லா இருக்குன்னு சொன்னா, அடுத்த வாரம் எனக்காக வரைவீங்க. எனக்கு எதுக்கு சார் விரிப்பு? நான் வெறும் தரையில படுக்கிறவ."

சுருக்கென்றது. இந்த அம்மாவிடம் விஷயம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தோன்றியது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கைக்கு உயிர் திரும்பியது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் சட்டை முதுகில் விழுந்திருக்கும் சுருக்கங்களைப் பார்த்துக்கொண்டே வருவேன். தண்ணீர்க் குழாய்க்குக் கீழே ஈரம் பரவும் விதத்தைப் பார்ப்பேன். அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வரும். அந்தப் பாழாய்ப்போன பூ போய், கம்பெனிக்கென்று மூன்று புது டிசைன்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. முதலாளி என் மேசைப் பக்கம் வந்து நின்று, ஒரு டீ சொல்லிவிட்டுப் போனார். அவர் எனக்கு டீ சொல்லி ஒரு யுகம் ஆகியிருந்தது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, கோச் அந்தத் தாள்களைத் தரையில் பரப்பும் வரை.

ஒரு புதன்கிழமை, அதுவரை வரைந்த அத்தனை படங்களையும் எடுத்து, அறைத் தரை முழுக்க வரிசையாகப் பரப்பினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்று பார்த்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், எல்லாப் படத்துலயும் கதவுப் பக்கம்தான் வரைஞ்சிருக்கீங்க. இந்தப் பாதி வெறும் தாளாவே இருக்கே?"

"அங்க வரையறதுக்கு ஒண்ணும் இல்ல."

"ஒரு கோடு கூடவா?"

"கசங்கலயே மேடம். கசங்காததை எப்படி வரையறது? போட்ட இஸ்திரி மடிப்பு அப்படியே இருக்கு."

"அது யாரோட பக்கம்?"

"அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்," என்றேன். குரல் எனக்கே அதிகமாகப் பட்டது.

அவர் தலையசைத்தார். பெப்பர்மிண்ட் டப்பாவை என் பக்கம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். அச்சடிக்கிற மேசைகளுக்கு நடுவே போய் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. மெஷின் சத்தத்தில் யார் அழுதாலும் கேட்காது. அந்தப் பட்டறையில் இருக்கிற ஒரே வசதி அதுதான். இத்தனை நாளும் நான் படுக்கையை வரைந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவள் இல்லாததை வரைந்துகொண்டிருந்திருக்கிறேன். ஒவ்வொரு காலையும் முதல் வேலையாக, அழிக்கவும் செய்யாமல்.

அந்த வாரமே டிசைன் வந்துவிட்டது. பூ இல்லை, இலை இல்லை. சாம்பல் நீலத்தில் மெல்லிய கோடுகள், துணி கசங்கினால் எப்படி விழுமோ அப்படி. கதவுப் பக்கம் நெருக்கமாகத் தொடங்கி, நடுவே வர வரக் குறைந்து, சரியாகப் பாதியில் நின்றுவிடும். ஜன்னல் பக்கம் வெறும் வெள்ளைத் துணி.

அச்சு மாஸ்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன சார், பாதியில எழுந்து வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"அவ்வளவுதான் மாஸ்டர் டிசைன்."

"சாயம் தீர்ந்து போச்சான்னு கடைக்காரன் கேப்பான்."

"கேக்கட்டும். ஒண்ணே ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே அடித்துக் கொடுத்தார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். துணி காய்வதற்குக் கொடியில் தொங்கியது.

அடுத்த புதன்கிழமை கோச் வந்து உட்கார்ந்ததும், போன வாரம் கத்தியதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மன்னிப்பெல்லாம் எனக்குச் சுலபத்தில் வராது. "ஒண்ணு காட்டறேன், இருங்க," என்று சொல்லிவிட்டுக் கீழே போனேன். கொடியில் துணி இல்லை. செக்கிங் மேசைக்குப் போனேன். அங்கே இரண்டு பெண்கள் துணிகளை வெளிச்சத்தில் பிடித்துக் குறை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பாதி அச்சா? ஸ்க்ரீன் அடைச்சுக்கிட்டு அச்சு விழலைன்னு கழிச்சுட்டோம் சார். கட்டிங்குக்குப் போயிடுச்சு," என்றாள் ஒருத்தி.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாதியில் நின்ற அச்சு என்றால் எங்கள் தொழிலில் அது கழிசல்தான். கழித்த விரிப்பை வீணாக்க மாட்டோம். வெட்டித் தலையணை உறையாக்கிவிடுவோம். நான் ஓடினேன். இந்த வயதில் பட்டறையில் ஓடுகிறவனைப் பார்த்தால் எல்லாரும் தீப்பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். நினைத்தார்கள். இரண்டு பேர் என் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

கட்டிங் மேசையில் என் துணி விரித்துக் கிடந்தது. நட்டநடுவே, கோடுகள் நின்றுபோகிற இடத்தில், மேலிருந்து கீழ்வரை சாக்பீஸால் ஒரு நேர்கோடு போட்டிருந்தார்கள். அச்சு விழுந்த பாதி உறைக்கு, வெள்ளைப் பாதி திரும்பச் சாயத்துக்கு. கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலின் வாயைத் துணியில் வைத்துவிட்டார்.

"வெட்டாத! வெட்டாதய்யா! ரெண்டையும் பிரிச்சுடாத!"

நான் கத்தியதைப் பட்டறையே நின்று பார்த்தது. யாரோ மெஷினைக்கூட நிறுத்திவிட்டார்கள். கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலைப் பிடித்தபடி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார், நான் போலீஸ்காரன் மாதிரி. துணியை வாரி மார்போடு சேர்த்துக்கொண்டேன். ஒரு முழ நீளத்துக்கு வெட்டு விழுந்திருந்தது.

"சார்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கோச். படியிறங்கி ஓடி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "இது யாருக்காக வரைஞ்சீங்க?"

"கம்பெனிக்கு."

அவர் காத்திருந்தார். அந்த அம்மாவுக்குக் காத்திருக்கத் தெரியும்.

"என் பொண்டாட்டிக்கு," என்றேன்.

"அவங்க பாத்தாச்சா?"

"இல்ல."

"அப்போ வேலை இன்னும் முடியலையே சார்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, பையை எடுக்க மாடிக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். வெட்டு விழுந்த இடத்தை ஊசி நூல் எடுத்து எனக்குத் தெரிந்த அளவுக்குத் தைத்தேன். தையல் கோணலாகத்தான் வந்தது. கட்டிலில் விரித்து, கால்மாட்டில் நாற்காலி மேல் ஏறி நின்று, போட்டோ எடுத்து அனுப்பினேன். அங்கே அவளுக்குச் சாப்பாட்டு நேரம். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. நல்லா இருக்கு வரவில்லை. கட்டைவிரல் வரவில்லை. அப்புறம் போனே அடித்தது.

"என்னங்க இது?"

"டிசைன்."

"ஜன்னல் பக்கம் ஏன் ஒண்ணுமே இல்ல?"

"அங்கதான் படுக்க ஆள் இல்லையே."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம், தட்டு வைக்கும் சத்தம்.

"இதுல எனக்குத் தூக்கம் வராது," என்றாள்.

மூன்று வருடத்தில் முதல் ஃபெயில். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பார்த்திருக்கிறாள். கட்டைவிரலால் தள்ளிவிடாமல், மனதால் ஜன்னல் பக்கத்தில் வந்து படுத்துப் பார்த்திருக்கிறாள். எனக்கு அந்தச் சந்தோஷத்தைத் தாங்க முடியவில்லை.

"வந்துடு," என்றேன்.

"என்ன சொன்னீங்க?"

"வந்துடு. என்னால முடியல. உன் இஷ்டம் உன் இஷ்டம்னு சொன்னதெல்லாம் சும்மா. உன் வேலைக்குக் குறுக்க நிக்கக் கூடாதுன்னு சொன்னது. என் இஷ்டம் என்னன்னு கேட்டியா? நீ இங்க இருக்கணும். அவ்வளவுதான் என் இஷ்டம்."

வாயிலிருந்து முத்து ஒன்றும் உதிரவில்லை. மாடியில் அக்கா நடக்கும் சத்தம் சட்டென்று நின்றது மட்டும் தெரிந்தது.

"முந்தாநாள்தாங்க கையெழுத்துப் போட்டேன்," என்றாள் மெதுவாக.

தைத்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். "ரெண்டு வருஷம்," என்றேன்.

"ஒரு வருஷம்."

"ரெண்டுதானே கேட்டாங்க?"

"நான்தான் ஒண்ணுன்னு மாத்தச் சொல்லிட்டுப் போட்டேன். ஏன்னு கேட்டாங்க. வீட்டுல கூப்பிடுவாங்க, போகணும்னு சொன்னேன்."

"நான் எங்க கூப்பிட்டேன்?"

"கூப்பிடலதான். ஒரு நப்பாசை." அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. நானும் அழுதேன், மெஷின் சத்தம் எதுவும் இல்லாமல். மூக்கை உறிஞ்சிவிட்டு, டியூட்டிக் குரலில் பேசினாள். "அந்த விரிப்பை எனக்கு அனுப்புங்க."

"உன்னுது ஒத்தக் கட்டிலாச்சே. இது டபுள்."

"பாதியா மடிச்சுப் போட்டுக்கறேன்."

"எந்தப் பாதி மேல?"

"இதைக்கூடக் கேக்கணுமா? கசங்கின பாதிதான். துவைக்காதீங்க. ஒரு ராத்திரி நீங்க அதுல படுத்து எழுந்துட்டு அனுப்புங்க."

அப்படியே செய்தேன். பார்சல் ஆபீசில் அந்த ஆள், துணியை ஒழுங்காக மடித்து வைக்கட்டுமா என்று கேட்டார். கையை எடுய்யா என்றேன்.

டிசைன் முதலாளிக்குப் பிடிக்கவில்லை. அச்சு மாஸ்டரிடம் இருந்த படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "பார்த்தாலே பகீர்னு இருக்கு சார். கல்யாணத்துக்குச் சீர் குடுக்க யார் இதை வாங்குவாங்க?" என்றார். நியாயமான கேள்வி. மற்ற மூன்றையும் எடுத்துக்கொண்டார், மேலும் இரண்டு கேட்டார். எனக்கு அதில் ஒன்றும் மனக்குறை இல்லை. இப்போது பூகூட வருகிறது, வேறு வேறு பூ.

கோச்சுக்குப் பேசிய மாதங்கள் முடிந்தன. கடைசி நாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "உங்களுக்கு எப்படி இருந்துச்சு சார்?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன் மேடம். அப்புறம் எனக்காக வேலை பாப்பீங்க."

வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். டப்பாவை நீட்டினார், இந்தத் தடவை ஒன்று எடுத்துக்கொண்டேன். காரமாக இருந்தது.

பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஒரு வரி வந்தது. அதற்கு மேல் இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள், நான் மேசையில் இருக்கும்போது, நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தது. பதறிப்போய் எடுத்தேன்.

"திட்டு வாங்கிட்டேங்க," என்றாள். மூச்சு இரைத்தது, எங்கேயோ வேகமாக நடந்துகொண்டே பேசினாள். "வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருஷத்துல முதல் தடவையா டியூட்டிக்கு லேட். அலாரம் அடிச்சது காதுலயே விழல. பக்கத்து ரூம் பொண்ணு வந்து கதவைத் தட்டினா."

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நேத்து ராத்திரி உங்க விரிப்பைப் போட்டுப் படுத்தேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன், அவள் முன்னால் கால்மாட்டில் நிற்பதைப் போல.

"அப்போ?"

"என்ன அப்போ?"

"ரிசல்ட்டைச் சொல்லு."

நடை நின்றது. பின்னால் ஏதோ ஒரு குழந்தை மெல்லிய குரலில் அழுதது.

"தூக்கம் வருதுங்க," என்றாள். "இன்னும் ஒரு வருஷம் இதை வச்சுச் சமாளிச்சுக்கறேன். அங்க நம்ம கட்டில்ல என் பக்கத்தை அப்படியே வச்சிருங்க."